19 மாதக் குழந்தையின் மேல் முன்பற்களில் வெள்ளைக் கோடு: இது சொத்தையின் தொடக்கமா?

#1 கோபிச்செட்டிபாளையம் தாய்

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு 19 மாதங்கள் முடிந்திருக்கின்றன. சென்ற ஞாயிற்றுக்கிழமை தலைக்கு ஊற்றும்போது அவன் வீறிட்டு அழுததில் மேலுதடு விலகி, நடுவில் உள்ள இரண்டு மேல் முன்பற்களிலும் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பைத் தீற்றியது போன்ற வெள்ளைக் கோடு கண்ணில் பட்டது. பால் ஆடையாக இருக்கும் என்று ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. இடப்பக்கப் பல்லில் அந்தக் கோட்டின் ஓரம் இலேசாகப் பழுப்பேறியும் இருக்கிறது. கீழ்ப்பற்களில் ஒரு குறையும் இல்லை.

வீட்டு நிலவரத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் பள்ளி ஆசிரியை; கணவர் பெருந்துறை சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்க்கிறார். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் என் அத்தைதான். மதியம் ஒரு முறை, இரவு ஒரு முறை பால்புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கிவிடுவது அவனுக்குப் பழகிவிட்டது. பாலில் நாட்டுச் சர்க்கரை கலக்கிறார்கள். வேண்டாம் என்றால், "பழனி பஞ்சாமிர்தத்துக்கே கவுந்தப்பாடியிலிருந்து இந்தச் சர்க்கரைதான் போகுது, சாமிக்கு ஆவறது குழந்தைக்கு ஆவாதா?" என்று அத்தை கேட்கும்போது எனக்குப் பதில் வருவதில்லை. இவை தவிர, இரவில் இரண்டு மூன்று முறை தாய்ப்பாலும் குடிக்கிறான். பல் துலக்குவது காலையில் மட்டும்தான், அதுவும் வெறும் விரலால்.

அருகிலுள்ள ஒரு பல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "விழுந்து முளைக்கிற பல்தானே, ஆறு வயது வரைக்கும் பொறுங்கள்" என்று இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். உண்மையிலேயே பொறுத்திருக்கலாமா?

#2 அந்தியூர் பெரியவர்

மகளே, கவலைப்பட வேண்டாம். பால்பல் விழுவதற்கென்றே முளைப்பது. எங்கள் காலத்தில் வேப்பங்குச்சியும் உமிக்கரியும்தான். பற்பசை என்ற ஒன்று வந்த பிறகுதான் குழந்தைகளின் பல்லில் பூச்சி விழத் தொடங்கியது என்பது என் எண்ணம்.

பூச்சி என்று வாய்ச்சொல்லாகச் சொல்கிறேனே தவிர, அதை நான் நம்புகிறவனல்லன். சிறுவயதில் எனக்குக் கடைவாய்ப்பல் வலித்தபோது, சந்தையில் ஒருவர் கண்டங்கத்திரி விதையை நெருப்பில் இட்டுப் புகையை வாய்க்குள் பிடிக்கச் செய்தார். கீழே வைத்திருந்த தண்ணீர்த் தட்டில் வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள் விழுந்து கிடந்ததைப் பார்த்து என் ஆத்தா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பல வருடங்கள் கழித்துச் சந்தேகம் வந்து, யார் வாயும் இல்லாமல் வெறும் தட்டின் மேலேயே அதே விதையைச் சுட்டுப் பார்த்தேன். அப்போதும் "புழு" விழுந்தது. விதைக்குள் சுருண்டு கிடக்கும் முளைதான் சூட்டில் வெளியே தெறிக்கிறது. அன்றைக்குக் கொடுத்த காசு போனது போனதுதான்.

#3 ஈரோடு குழந்தைப் பல் மருத்துவர்

கோபித் தாய்க்கு: நேரில் பார்க்காமல் எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது, ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள், குழந்தைப் பருவச் சொத்தையின் முதற்கட்டத்தை நாங்கள் எப்படி விவரிப்போமோ அப்படியே இருக்கின்றன. பொறுத்திருக்கச் சொன்னதை நான் ஏற்கவில்லை. இன்றைக்குச் செலவில்லாமல் நிறுத்தக்கூடியதை, ஆறு மாதம் கழித்து ஊசி போட்டு நிறுத்த வேண்டியிருக்கும்.

பாலில் உள்ள சர்க்கரையை வாயிலிருக்கும் நுண்ணுயிரிகள் உண்டு அமிலமாக மாற்றுகின்றன. பல்லின் மேற்பரப்பில் அமிலத்தன்மையைக் குறிக்கும் பிஹெச் அளவு (இது குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள்) ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கினால், பல்லின் கடினமான மேலுறையான எனாமலில் உள்ள சுண்ணாம்புச் சத்து கரையத் தொடங்குகிறது. உமிழ்நீர் சும்மா இருப்பதில்லை; அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் அமிலத்தை நீர்க்கச் செய்து, கரைந்த சத்தில் ஒரு பங்கைத் திரும்பக் கொண்டுவந்து படிய வைக்கிறது. ஆகவே குழந்தை எவ்வளவு இனிப்பு உண்டது என்பதைவிட, ஒரு நாளில் எத்தனை முறை உண்டது என்ற கேள்வி பெரியது. அரை டம்ளர் இனிப்புப் பாலை ஒரே மூச்சில் குடித்துவிட்டு ஓடும் குழந்தைக்கு நேரும் சேதத்தைவிட, அதே அரை டம்ளரை இரண்டு மணி நேரம் சப்பிக்கொண்டே இருக்கும் குழந்தைக்கு நேரும் சேதம் பல மடங்கு அதிகம்.

தூக்கத்தில் உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடுகிறது; விழுங்குவதும் குறைகிறது. பால் மேல் முன்பற்களைச் சுற்றித் தேங்கி நிற்கிறது. கீழ் முன்பற்கள் ஏன் தப்பின என்று நீங்கள் வியந்திருப்பீர்கள்: சப்பும்போது நாக்கு அவற்றின் மேல் போர்வை போல மூடிக்கொள்கிறது, நாக்கின் அடியில்தான் உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாயும் இருக்கிறது. மேலே கோடு, கீழே சுத்தம் என்ற இந்த அமைப்பைப் பார்த்தாலே பால்புட்டியின் கதை எங்களுக்குத் தெரிந்துவிடும்.

வெள்ளைக் கோடு என்பது, மேற்பரப்பு உடையாமல் உள்ளிருந்து சத்து மட்டும் வெளியேறியிருக்கும் நிலை. அது இன்னும் குழி ஆகவில்லை. எனவே திருப்பிக்கொண்டுவர முடியும். பழுப்பேறிய இடம் சொரசொரப்பாக இருக்கிறதா, வழவழப்பாக இருக்கிறதா என்பதை ஒரு பல் மருத்துவர் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் எனாமலை உறுதியாக்கும் ஃபுளோரைடு என்ற தாது கலந்த வார்னிஷைப் பல்லின் மேல் பூசுவார்கள். பூசுவதற்கு ஓரிரு நிமிடம் போதும், வலி இல்லை, உங்கள் குழந்தையைப் போன்றவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பூசுவது வழக்கம். குழி விழுந்துவிட்ட பல்லாக இருந்து, குழந்தை ஒத்துழைக்காத வயதாகவும் இருந்தால், சில்வர் டயமின் ஃபுளோரைடு என்ற திரவத்தைத் தொட்டு வைத்து மேலே பரவாமல் நிறுத்தலாம். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதைச் சேர்த்தது. சொத்தைப் பகுதி நிரந்தரமாகக் கறுத்துவிடும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். சொல்லாமல் செய்தால் மறுநாளே சண்டைக்கு வந்துவிடுவார்கள், அதில் நியாயமும் உண்டு.

இப்போது பால்புட்டி. அதைப் பிடுங்கி எறியச் சொல்லவில்லை. இரவுப் பாலைத் துலக்குவதற்கு முன்னால் நகர்த்துங்கள்: பால், பிறகு ஃபுளோரைடு உள்ள பற்பசையால் பல் துலக்கல், பிறகு தூக்கம். புட்டி இல்லாமல் தூங்கவே மாட்டான் என்றால், தூங்கும் நேரத்துப் புட்டியில் மட்டும் முதலில் சர்க்கரையை நிறுத்திவிட்டு, பிறகு ஒன்றிரண்டு நாளைக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே வந்தால், பத்து நாட்களுக்குள் வெறும் தண்ணீரில் வந்து நிற்கும். பகலில் டம்ளரில் கொடுக்கும் பாலில் தண்ணீர் கலக்கக் கூடாது. அது அவனுடைய உணவு.

தாய்ப்பாலைப் பற்றிக் கவனமாக எழுதுகிறேன், ஏனென்றால் இதைப் படித்துவிட்டு யாராவது பாலை நிறுத்திவிட்டால் அந்தப் பாவம் என்னைச் சேரும். முதல் ஒரு வருடத்தில் தாய்ப்பால் பல்லுக்கும் காப்புத்தான். இரண்டு வயது வரையிலும் அதற்குப் பிறகும் கொடுக்கலாம் என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலை. ஒரு வயதைத் தாண்டிய பிறகு, பல் துலக்காத வாயில், வேறு இனிப்பும் சேர்ந்த நிலையில், இரவு முழுவதும் அடிக்கடி சப்பும்போதுதான் சிக்கல் எழுகிறது. படுக்கும் முன் பற்கள் சுத்தமாக இருக்கட்டும். இரவில் கொடுக்கும் முறைகளைப் படிப்படியாகக் குறையுங்கள்.

உங்கள் அத்தையிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: கவுந்தப்பாடிச் சர்க்கரையை நானும் வாங்குகிறேன், அதில் கலப்படம் இல்லை, சுவையிலும் குறையில்லை. ஆனால் நாட்டுச் சர்க்கரையிலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான். ஆலைச் சர்க்கரைக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு நுண்ணுயிரிக்குத் தெரியாது. பனங்கற்கண்டுக்கும் தேனுக்கும் இதே கதைதான். தேனைப் பொறுத்தவரை, ஒரு வயதுக்குள் நாக்கில் தடவுவதே கூடாது; அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி பச்சிளங்குழந்தையின் நரம்புகளைத் தாக்கும் கொடிய நோயை உண்டாக்கலாம். சேனை வைக்கும் வழக்கம் உள்ள வீடுகளில் இதை நான் தயங்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்தியூர் ஐயாவுக்கு: உங்கள் தட்டுப் பரிசோதனையை என் மாணவர்களுக்குச் சொல்லப் போகிறேன். பால்பல் விழும் என்பது உண்மைதான். ஆனால் எப்போது என்பதையும் பார்க்க வேண்டும். முன்பற்கள் ஆறேழு வயதில் விழுகின்றன, பால் கடைவாய்ப்பற்களோ பத்து முதல் பன்னிரண்டு வயது வரை வேலை செய்ய வேண்டியவை. அவை முன்னதாகப் போய்விட்டால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் சாய்ந்துகொள்ள, அடியிலிருந்து வரும் நிலைப்பல்லுக்கு வழி அடைபடுகிறது. உங்கள் காலத்தில் சொத்தை குறைவாக இருந்ததற்கு உமிக்கரியைவிட வேறு காரணமே பொருத்தமாகப் படுகிறது: ஒப்புட்டும் கச்சாயமும் நோன்புக்கும் பண்டிகைக்கும்தான் கிடைத்தன. இன்றைக்குப் பெட்டிக்கடையில் ஐந்து ரூபாய்க்கு பிஸ்கட் தொங்குகிறது. உமிக்கரியும் செங்கல்பொடியும் எனாமலைத் தேய்த்துவிடுபவை, குழந்தைக்கு வேண்டாம்.

#4 பல்லடம் தறிக்காரர்

மருத்துவர் அம்மா எழுதியதில், பொறுத்திருந்தால் பிறகு ஊசி போட்டு நிறுத்த வேண்டியிருக்கும் என்ற வரியை நான் அனுபவித்தவன் என்பதால் எழுதுகிறேன்.

என் மகளுக்கு நான்கு வயது. தறி ஓடும் சத்தத்தில் வளர்ந்தவள் என்பதால் எதற்கும் அசையமாட்டாள் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். தோசையை வாயில் வைத்துக்கொண்டு மென்று விழுங்காமல் ஒரு பக்கக் கன்னத்தில் அடக்கி வைத்திருப்பாள். "அடம் பிடிக்கிறாள்" என்று அவள் அம்மா திட்டுவாள், நானும் இரண்டு முறை கையை ஓங்கியிருக்கிறேன். ஒரு நாள் இரவு கன்னம் வீங்கி, காய்ச்சல் வந்து, விடியும் வரை என் தோளிலேயே கிடந்தாள். வலப்பக்கக் கீழ்க் கடைவாய்ப்பல்லில் வேர் வரைக்கும் சீழ். அடம் என்று நாங்கள் நினைத்ததெல்லாம் வலி. அந்தப் பக்கம் மெல்ல முடியாமல்தான் அடக்கி வைத்திருக்கிறாள். நான்கு வயதில் அதைச் சொல்லத் தெரியவில்லை.

வேர் சிகிச்சை செய்து எஃகு உறை போட்டார்கள். வெள்ளி போல மின்னும் அந்தப் பல்லை இப்போது எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிகிறாள். செலவை இங்கே எழுத விரும்பவில்லை. ஒரு பாவு நூலின் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கேள்வி: இருமல் மருந்து, காய்ச்சல் மருந்து எல்லாம் இனிக்கின்றனவே, அவையும் கணக்கில் சேருமா?

#5 ஈரோடு குழந்தைப் பல் மருத்துவர்

சேரும். குழந்தைகளுக்கான திரவ மருந்துகள் பலவற்றில் சர்க்கரை உண்டு. இரவு மருந்தைத் துலக்குவதற்கு முன் கொடுத்துவிடுங்கள். நள்ளிரவில் கொடுக்க நேர்ந்தால் ஈரத்துணியால் பற்களைத் துடைத்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள். மருந்தை நிறுத்த வேண்டாம்.

#6 பென்னாகரத்துக்காரன்

எல்லோரும் ஃபுளோரைடு, ஃபுளோரைடு என்கிறீர்கள். நான் பிறந்து வளர்ந்தது தருமபுரி மாவட்டத்தில். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரிலிருந்த ஃபுளோரைடால் என் பற்கள் பழுப்புத் திட்டுத் திட்டாக இருக்கின்றன. கல்லூரிப் புகைப்படம் ஒன்றில்கூட நான் வாய் திறந்து சிரித்ததில்லை. எங்கள் ஊரில் முதுகு நிமிர முடியாமல் போனவர்களும் உண்டு. அந்த நஞ்சை எடுக்கத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தையே கொண்டுவந்து, 2013இல் காவிரித் தண்ணீரை விட்டார்கள். அதே நஞ்சை விலை கொடுத்து வாங்கி, துப்பத் தெரியாத குழந்தையின் வாயில் வைக்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. என் மகனுக்கு ஃபுளோரைடு இல்லாத பற்பசைதான் வாங்குகிறேன்.

#7 ஈரோடு குழந்தைப் பல் மருத்துவர்

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது; இந்தப் பகுதி மக்களிடம் ஃபுளோரைடைப் பற்றிப் பேசும்போது அதை ஒதுக்கிவிட்டுப் பேசவும் கூடாது. ஆகவே அளவுக் கணக்கைப் பார்ப்போம்.

குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீர் கிடைக்காவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் வரையறை. இப்போது 1000 பிபிஎம் பற்பசையை, அதாவது ஒரு கிராமில் 1 மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ள பற்பசையை, எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி மணி அளவுதான் வைக்க வேண்டும், அதன் எடை ஏறத்தாழ 0.1 கிராம். அதில் உள்ள ஃபுளோரைடு 0.1 மில்லிகிராம். நாளுக்கு இரண்டு முறை துலக்கி, துளிகூடத் துப்பாமல் முழுவதையும் விழுங்கினாலும் 0.2 மில்லிகிராம். லிட்டருக்கு 3 மில்லிகிராம் உள்ள கிணற்றுநீரில் ஒரே ஒரு டம்ளர் குடித்தால் இதைவிட மூன்று மடங்கு உள்ளே போய்விடும். உங்கள் பல்லைக் கறையாக்கியது தண்ணீரும் அதில் சமைத்த சோறும்தான்; நாள்தோறும், ஆண்டுக்கணக்கில், நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருந்த வயதில் உள்ளே போனவை. பற்பசையிலுள்ள ஃபுளோரைடு பல்லின் மேற்பரப்பில் நின்று வேலை செய்கிறது, விழுங்குவதற்காக அல்ல.

இருந்தாலும் உங்கள் ஊருக்கு நான் வேறு விதமாகத்தான் சொல்வேன். குழந்தை குடிப்பது காவிரித் தண்ணீரா, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரா என்று முதலில் கேட்பேன். கிணற்றுநீர் என்றால், குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதித்துவிட்டு வாருங்கள் என்பேன். அளவு கூடுதலாக இருந்தால் மாற்ற வேண்டியது குடிக்கிற, சமைக்கிற தண்ணீரைத்தான். சிறுவாணியோ பவானியோ குடிக்கும் கோயம்புத்தூர், கோபிக் குழந்தைகளுக்கு இந்தக் கவலை அநேகமாக இல்லை. ஆற்றுநீரில் பொதுவாக ஃபுளோரைடு குறைவு. அரிசி மணி அளவை மட்டும் மீற வேண்டாம். விளம்பரத்தில் பிரஷின் மேல் அலை அலையாகப் பிதுக்கி வைப்பார்களே, அது பெரியவர்களுக்கே அதிகம். மூன்று வயதுக்கு மேல் பட்டாணி அளவு. பற்பசைக் குழாயைக் குழந்தையின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

#8 பென்னாகரத்துக்காரன்

தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுக்கிறேன். முடிவைப் பார்த்த பிறகு பேசுவோம்.

#9 காங்கேயம் அங்கன்வாடிப் பணியாளர்

எங்கள் மையத்தில் கொடுக்கும் சத்துமாவில் வெல்லம் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு யாரும் சத்துமாவை நிறுத்திவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன். எடை குறைந்த குழந்தைக்கு அது உணவு. உருண்டையாகக் கையில் கொடுத்துவிட்டு அரை நாள் நக்கிக்கொண்டு திரிய விடாமல், உட்கார வைத்து ஊட்டி முடித்துவிட்டுத் தண்ணீர் கொடுக்கச் சொல்கிறேன், மாற்றியது அவ்வளவுதான்.

தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கிறது. அந்தப் பட்டியலில் பல்லும் உண்டு. பல தாய்மார்கள் எடை, உயரம் எழுதியதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். வாயைத் திறந்து காட்டும் வரைக்கும் இருங்கள். ஏதாவது தெரிந்தால் அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள்.

இரண்டு வயதுக் குழந்தை பிரஷைக் கடித்துக்கொண்டு வாயைத் திறக்கவே மறுக்கிறது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். மருத்துவர் அம்மா அதைச் சொன்னால் நல்லது.

#10 ஈரோடு குழந்தைப் பல் மருத்துவர்

இரண்டு பேர் முழங்காலோடு முழங்கால் முட்டும்படி எதிரெதிரே உட்காருங்கள். குழந்தையின் கால்கள் ஒருவர் இடுப்பைச் சுற்றி இருக்க, தலை மற்றவர் மடியில் மல்லாந்து இருக்கட்டும். தலைப்பக்கம் இருப்பவர் துலக்க வேண்டும். மற்றவர் கைகளைப் பிடித்துக்கொண்டு கதை சொல்லலாம். அழுதால் வாய் நன்றாகத் திறக்கும், அது எங்களுக்கு வசதிதான். ஒற்றை ஆளாக இருந்தால், குழந்தையைத் தரையில் கிடத்தி அதன் தலைமாட்டில் நீங்கள் சம்மணமிட்டு உட்காருங்கள். சுட்டுவிரலால் மேலுதட்டை உயர்த்திப் பிடித்து, ஈறும் பல்லும் சேரும் வரியில் பிரஷ் படும்படி சிறு வட்டங்களாகத் தேய்த்தால் போதும். துலக்கிய பிறகு வாயைக் கொப்பளிக்கச் செய்ய வேண்டாம்; மிச்ச நுரையைத் துணியால் ஒற்றி எடுங்கள். முதல் பல் தெரிந்த அன்றே இதைத் தொடங்க வேண்டும். தானாகத் துலக்கட்டும் என்று குழந்தையிடம் விட்டுவிடாதீர்கள். ஏழெட்டு வயது வரை இரவுத் துலக்கல் பெரியவர் கையில்தான் இருக்க வேண்டும்.

வீட்டில் ஊட்டுபவர்களின் சொத்தைப் பற்களையும் கவனியுங்கள். சூடு பார்க்கிறேன் என்று கரண்டியை நம் வாயில் வைத்துவிட்டு அதே கரண்டியால் ஊட்டும்போது, நம் வாயிலுள்ள நுண்ணுயிரிகளும் கூடவே போகின்றன. முத்தம் கொடுக்காதே என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, சொன்னாலும் கேட்கமாட்டார்கள்.

#11 கோபிச்செட்டிபாளையம் தாய்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஈரோட்டில் வேறொரு மருத்துவரிடம் காட்டினோம். மூன்று பற்களில் வெள்ளைக் கோடு; பழுப்பேறிய இடத்தில் இலேசான சொரசொரப்பு, ஆனால் குழி இல்லை. வார்னிஷ் பூசி, அன்று இரவு மட்டும் துலக்க வேண்டாம் என்றும், மூன்று மாதத்தில் மறுபடியும் வரவேண்டும் என்றும் சொன்னார்கள்.

புட்டியில் தண்ணீர் கூட்டும் வேலை நான்காம் நாளில் கெட்டுப்போனது. இரவு இரண்டு மணிக்கு அவன் அழுத அழுகையில், ஷிப்டு முடிந்து வந்து படுத்திருந்த கணவர் எழுந்துபோய்ப் பாலையே ஊற்றிக் கொடுத்துவிட்டார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். இப்போது தூங்கும் நேரத்தில் தண்ணீர்ப் புட்டி மட்டும்தான். இரவுத் தாய்ப்பாலும் ஒரு முறையாகக் குறைந்திருக்கிறது.

நான் எதிர்பாராதது அத்தையின் மாற்றம். பல்லடத்து அண்ணன் எழுதியதை வாசித்துக் காட்டினேன். எதுவும் பேசாமல் எழுந்து போய்விட்டார்கள். மறுநாள் காலையில் திண்ணை வெளிச்சத்தில் குழந்தையை மடியில் கிடத்தி, "வாயக் காட்டு சாமி" என்று உதட்டைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சர்க்கரை டப்பா மேல் அலமாரிக்குப் போய்விட்டது. ஆனால் அடுத்த மாதம் பழனிக்குப் போய் முடி இறக்குகிறோம். பஞ்சாமிர்தம் கொடுக்கலாமா, கூடாதா என்று டாக்டர் அம்மாவிடம் கேட்கச் சொன்னார்கள்.

#12 ஈரோடு குழந்தைப் பல் மருத்துவர்

தாராளமாகக் கொடுங்கள். மதியச் சாப்பாட்டோடு சேர்த்து ஒரு கரண்டி, அதன் மேல் ஒரு டம்ளர் தண்ணீர். திரும்பி வரும் வழியில் பேருந்தில் டப்பாவை அவன் மடியில் மட்டும் வைத்துவிடாதீர்கள். ஒட்டன்சத்திரம் தாண்டுவதற்குள் காலியாகிவிடும்.

#13 கோபிச்செட்டிபாளையம் தாய்

நாங்கள் தாராபுரம் வழியாக வருகிறோம் அம்மா. டப்பா அத்தையின் பையில் இருக்கும்.